முப்பத்தொன்றாம் எண் லின்னெட்

2009ஆம் ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு இருபதுக்கு செட்ரிக் ஓல்ட்னாலுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். அப்போதும் அதில் அதேதான் இருந்தது.

"மேவிஸ், இதக் கேளு. நம்ம முப்பத்தொண்ணு இன்னொரு எடத்துலயும் இருக்காம்."

மேவிஸ் ரொட்டித்துண்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்த துண்டிலேயே மறுபடியும் தடவினாள்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். டீ ஆறுது, குடி."

"எப்படி இருக்கும்? நம்ம வண்டி கொட்டகையில நிக்குது. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு எழுந்துபோய் மறுபடியும் பார்த்தார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. வாத்து முட்டையின் வெளிர் நீலம், கறுப்பு மேல்துணி, பானட்டுக்கு அடியில் பளபளக்கும் பித்தளைத் தகடு, அதில் 31. செட்ரிக் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

கடிதம் எழுதியவர் ஹிலரி ஃபென்விக். லின்னெட் கார் சங்கத்தின் பதிவாளர். இந்நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு லின்னெட்டுக்கும் அவர் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. ஓர் எண்ணுக்கு ஒரு வரிதான். இன்னொரு உறுப்பினர் முப்பத்தொன்று என்ற எண்ணுள்ள வண்டியைப் பதியக் கேட்டிருக்கிறார், விதிப்படி இப்போது அவர் பெயரைச் சொல்ல இயலாது, மார்ச் பதினான்காம் தேதி இரு வண்டிகளையும் ஆல்டர்கோட் ஊர் மன்றத்துக்கு முன்னால் கொண்டுவந்தால் நேரில் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வாக்கியம்: ஐம்பதாம் ஆண்டு ஊர்வலத்துக்கு முன் இது முடிவாகவேண்டும்.

செட்ரிக்கைக் குத்தியது அந்தக் கடைசி வாக்கியம்தான். ஏன் குத்தியது என்பதற்கு அவருடைய கதையையும் வண்டியின் கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

செட்ரிக் பிறந்தது 1933 நவம்பர் மூன்று. கவென்ட்ரியிலிருந்து பதினான்கு மைல் தள்ளியிருக்கும் ஆல்டர்கோட்டில், பேட்டர்ன் தெருவில், நான்காம் எண் வீட்டில். 1949 ஜனவரியில், பதினைந்து வயதில், ஹாலிஸ் பீச் கார் ஆலையில் சேர்ந்தார். அப்போது அந்த ஆலை டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கும் பெரிய மூடிய கார்களைச் செய்துகொண்டிருந்தது. சம்பளக்காரனும் வாங்கக்கூடிய ஒரு சின்னத் திறந்த காரைச் செய்தால் என்ன என்று மேலிடத்துக்குத் தோன்றியது 1957இல். அப்படிப் பிறந்ததுதான் லின்னெட். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு கைப்பெட்டி உட்காரலாம், மழை பெய்யாவிட்டால். கதவுக்கு வெளியில் கைப்பிடி கிடையாது, ஜன்னலுக்குப் பதிலாக மாட்டியிருக்கும் பக்கத்துத் திரைக்குள் கையை விட்டு, உள்ளிருந்துதான் திறக்கவேண்டும். பின்னால் பெட்டி மூடி கிடையாது, சீட்டை மடக்கி உள்ளே தலையை விட்டுத்தான் சாமான் எடுக்கவேண்டும். மேல்துணியை மாட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பெரும்பாலும் மழை விட்டிருக்கும். இவ்வளவு குறை இருந்தும், அந்த வண்டியில் ஒருமுறை போய் வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது முகம் மாறிவிடும்.

முதல் லின்னெட் வெளியே வந்தது 1959 ஏப்ரல் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. அன்று ஆறு வண்டிகள், புதன் எட்டு, வியாழன் ஒன்பது, வெள்ளி பத்து. முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை வண்டி. வண்டியைத் தண்டவாளத்தின் மேல் கையாலேயே தள்ளிக்கொண்டு போவார்கள். நான்காவது நிறுத்தத்தில் செட்ரிக் நிற்பார். ஸ்டியரிங் தண்டை மாட்டி, நட்டை முறுக்கி, முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக அதன்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம். மஞ்சள் அவருடையது. அவர் மனைவியின் அண்ணன் நெவில் பார்ட்லம் பெயிண்ட் பட்டறையில் இருந்தார். வண்டியின் நீலம் அவர் கைவேலை.

1974இல் லின்னெட்டை நிறுத்தினார்கள். அதுவரை 48,212 வண்டிகள். 1976இல் ஆலையையே மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது நாற்காலி மேசைக் கிடங்கு. முன்வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரலில் லின்னெட்காரர்கள் எல்லோரும் வந்து, எண் வரிசைப்படி அந்த வளைவு வழியாக ஊருக்குள் ஊர்வலம் போவார்கள். முதல் முப்பது வண்டிகளில் ஒன்றுகூட இந்நாட்டில் இல்லை. நொறுங்கியவை போக மீதி கடல் தாண்டிவிட்டன. ஆகவே முப்பத்தொன்றுதான் முன்னால் போகும். செட்ரிக் அதை 1966 ஜூனில் லெமிங்டனில் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினார். 1984 முதல் இருபத்தைந்து ஊர்வலங்களிலும் அவர்தான் முதல்.

வாழ்க்கையில் வேறு எதிலும் செட்ரிக் முதலாக இருந்ததில்லை. இதை அவரே சொல்வார், வருத்தமில்லாமல்.

பிப்ரவரி பதினைந்து, ஞாயிறு மதியம், வழக்கம்போல நெவில் சாப்பிட வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், எழுபத்தாறு வயது. நான்கு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருக்கிறார். மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, அதில் இருபது வருடத்துக்கு மேலாகப் படகு கட்டிக்கொண்டிருந்தார். யாரையும் உள்ளே விட்டதில்லை.

"படகு எப்படி இருக்கு மச்சான்?" என்று செட்ரிக் கேட்டார். ஞாயிறுதோறும் கேட்கும் கேள்வி.

"இன்னும் தண்ணியில எறக்கல." ஞாயிறுதோறும் வரும் பதில்.

"கேட்டியா, எவனோ ஒருத்தன் என் வண்டிக்குப் போலி பண்ணிட்டான். எண்ணு, தகடு எல்லாம் வச்சு. திருட்டுப் பய."

நெவில் மாட்டிறைச்சியை மென்றுகொண்டே இருந்தார். விழுங்குவதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

"போலின்னு எப்படித் தெரியும்?"

"அசல் என்கிட்ட இருக்கே!"

"அதுவும் சரிதான்" என்று நெவில் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு கேட்டார். மேவிஸ் உருளைக்கிழங்குக்குப் பதில் காரட்டைப் பரிமாறினாள். அண்ணன் தங்கை இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். அது செட்ரிக் கண்ணில் பட்டது. ஆனால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை.

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை, காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் செட்ரிக் ஊர் மன்றத்துக்கு வந்து சேர்ந்தார். மேவிஸ் தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். ஹிலரி ஃபென்விக் மழைக்கோட்டும் கையில் ஒரு தடித்த பட்டியலுமாக நின்றிருந்தார். ஐம்பது வயதுக்காரி, பள்ளியில் கணக்கு டீச்சர். சுவரோரம் வாத்து முட்டை நீலத்தில் இன்னொரு லின்னெட். பெயிண்ட் அங்கங்கே மங்கியிருந்தது, மட்கார்டில் துருவைச் சுரண்டி ஒட்டுப் போட்ட தழும்பு. அதன் பக்கத்துத் திரைக்குப் பின்னால், உள்ளே ஒரு கை கைப்பிடியைத் துழாவியது. கதவு திறந்தது. நெவில் இறங்கினார்.

செட்ரிக் முதலில் நினைத்தது, தனக்குத் துணையாக மச்சான் வந்திருக்கிறார் என்று. "நல்ல வேளை வந்த. அந்தத் திருட்டுப் பய எங்க?" என்று கேட்டார்.

"இங்கதான்" என்றார் நெவில்.

"எங்க?"

"உன் எதிர்லதான், செட்."

செட்ரிக் நெவிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?" என்று கேட்ட ஹிலரியின் பேனா பட்டியலின் மேல் அப்படியே நின்றது.

"இவன் என் பொண்டாட்டியோட அண்ணன். இவன் படகு கட்றவன்" என்றார் செட்ரிக்.

"படகு இல்ல, செட். இதான்."

ஹிலரி விவரமானவர். முதலில் பார்க்கலாம், பிறகு பேசலாம் என்றார். ஆலையின் பழைய உதிரிப் பட்டியலில் சோதித்துப் பார்க்கக்கூடியவை 214 இனங்கள். இரண்டு வண்டிகளுக்கும் அடியில் பாய் விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாகக் குறித்தார். நான்கு மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு கிழவர்களும் மன்றத்துப் படியில் எதிரெதிர் முனையில் உட்கார்ந்து, நெவில் கொண்டுவந்த பன்றிக்கறிப் பணியாரத்தை ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள். பசி வேறு, கோபம் வேறு.

கடைசியில் ஹிலரி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "1959ல ஆலையில மாட்டினது நூத்து அறுபத்து மூணு இனம் மிஸ்டர் பார்ட்லம் வண்டியில இருக்கு. மிஸ்டர் ஓல்ட்னால் வண்டியில பத்தொன்பது. மிச்சம் முப்பத்திரண்டு ரெண்டுலயும் இல்ல. வண்டியோட இரும்புச் சட்டத்துல ஆலை குத்தின எண் மிஸ்டர் பார்ட்லம்கிட்ட. ஆலைத் தகடும் அவர்கிட்ட. ஆனா 1959லேருந்து தொடர்ச்சியா வந்த பதிவுப் புத்தகமும் சாலைப் பதிவு எண்ணும் மிஸ்டர் ஓல்ட்னால்கிட்ட. எனக்கு ஒண்ணுமே புரியல. யாராவது சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான். செட்ரிக் பழுதான எதையும் ஒட்டுப்போடுகிற ஆள் அல்ல. மாற்றுகிற ஆள். 1973இல் எஞ்சின். 1978இல் அடித்தகடு. 1981இல் கதவுகள். 1984இல் சீட்டும் தரைவிரிப்பும். 1986இல் ஸ்டியரிங் தண்டு, சற்றே ஆட்டம் கண்டதற்காக. 1989இல் பானட். 1991இல் முன்சட்டம் துருவேறியதால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை வெல்டிங் வைத்து, அதில் 31 என்று தானே குத்தினார். 1992இல் சங்கத்தின் அழகுப் போட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கி, கோப்பை ஒரு மதிப்பெண்ணில் தவறிப்போனது. பித்தளைத் தகடு மங்கலாக, புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று நடுவர் அந்த ஒன்றைக் குறைத்திருந்தார். செட்ரிக் ஐம்பது வருடமாக எதையும் எதிர்த்துப் பேசாத மனிதர். அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று செய்வித்து மாட்டினார். மறு வருடம் கோப்பை வந்தது. 1998இல் பின்பாதி உடலையும் மாற்றினார்.

கழற்றியதையெல்லாம் கொட்டகை மூலையில் போடுவார். திங்கட்கிழமை பார்த்தால் மூலை காலியாக இருக்கும். "குப்பைக்குப் போட்டாச்சா?" என்பார். "போயாச்சு" என்பாள் மேவிஸ். அதற்குமேல் அவர் கேட்டதில்லை.

அன்று மாலை ஐந்தரைக்கு செட்ரிக் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்றார்.

"தலைவலி போச்சா?"

"போகல" என்றாள் மேவிஸ். "அவன் சொல்லிட்டானா?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தன வருஷமா?"

"எஞ்சின் போனதுலேருந்து. நான் பொய் சொல்லல செட். 'போயாச்சு'ன்னுதான் சொன்னேன். குப்பைக்குன்னு சொன்னதே இல்ல. அந்த மூலையில எனக்கு துணி காயப்போட எடம் வேணும், அவனுக்கு இரும்பு வேணும். ஆரம்பத்துல வண்டியாகும்னு அவனே நினைக்கல. ஒரு கதவு போச்சு, இன்னொரு கதவு போச்சு, ரெண்டு கதவு இருந்தா நடுவுல என்னவாவது வேணுமில்ல?"

"முப்பத்தாறு வருஷம், மேவிஸ்! ஒரு முழு வண்டி என் வீட்டு வாசல் வழியா வெளிய போயிருக்கு. நான் பாக்கல."

"நீ புதுசப் பாத்துட்டிருந்த" என்றாள் அவள். கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

செட்ரிக் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் குழப்பம்தான் வந்தது. திருடு போனது என்றால் எது திருடு போனது? வண்டி கொட்டகையில் இருக்கிறது. அவர் தூக்கிப் போட்டதைத்தான் எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அவர் தூக்கிப் போட்டது வண்டியையா? எந்த வருடம் தூக்கிப் போட்டார்? 1978இலா, 1991இலா? மகள் ரோசலிண்டைக் கைக்கூடையில் போட்டு சீட்டுக்குப் பின்னால் வைத்து வேல்ஸ் கடற்கரைக்குப் போனார்களே 1967இல், அது எந்த வண்டி? இப்போது எங்கே நிற்கிறது? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். எழுதினால் தெளியும் என்று நினைத்தார். ஏழாவது கேள்விக்கு மேல் எழுதவில்லை.

மறுநாள் ஞாயிறு. நெவில் சாப்பிட வரவில்லை. மூன்று மணிக்கு செட்ரிக்கே மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் போனார். கொட்டகைக் கதவு முதல்முறையாகத் திறந்திருந்தது.

"அடிக்க வந்தியா?" என்றார் நெவில். "அடிச்சா கண்ணாடியக் கழட்டிட்டு அடி. புதுக் கண்ணாடி."

"ஏன்டா பண்ணின?"

"சாலையில ஓட்ட பதிவு வேணும். பதிவுக்கு சங்கத்துக் கடுதாசி வேணும். கடுதாசிக்கு எண்ணு கேட்டாங்க. தகட்டுல இருந்தத எழுதினேன். வேற எத எழுதுறது, நூத்தி ஏழுன்னா?"

"அதக் கேக்கல. ஏன் கட்டின?"

நெவில் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"இருபத்தோரு வருஷம் பெயிண்ட் அடிச்சேன். எத்தன ஆயிரம் வண்டின்னு எனக்கே தெரியாது. ஒண்ணுலகூட ஓட்டுற எடத்துல உக்காந்ததில்ல. 1971ல தெல்மாவ ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரே ஒரு சாயங்காலம் உன் வண்டியக் கேட்டேன். கிளட்ச் உனக்குப் பழக்கமில்லன்ன."

"பழக்கமில்லதானே."

"பஸ்ல போனோம். அவ வேற பஸ்ல திரும்பி வந்தா."

செட்ரிக்குக் கொஞ்ச நேரம் அந்தத் தெல்மா யாரென்றே ஞாபகம் வரவில்லை. வந்தபோது, பச்சைக் கோட்டும் உரத்த சிரிப்பும் மட்டும்தான் வந்தன. தான் அப்போது என்ன சொன்னோம் என்பது வரவே இல்லை.

"உக்காந்து பாக்கறியா?" என்று நெவில் கேட்டார்.

செட்ரிக் திரைக்குள் கையை விட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். இடது பக்கம் அரை அங்குலம் ஆட்டம். 1986இல் அவரை உறங்கவிடாமல் செய்த அதே ஆட்டம். கை அதை அடையாளம் கண்டுகொண்டது. குனிந்து, தண்டின் அடிப்பக்கத்து நட்டைப் பார்த்தார். மஞ்சள் புள்ளி இருந்தது. இருபத்தைந்து வயதுப் பையனாக ஒரு வெள்ளிக்கிழமை அவர் வைத்தது.

அங்கிருந்து நேரே தன் கொட்டகைக்கு வந்து தன் வண்டியின் நட்டைப் பார்த்தார். அதிலும் மஞ்சள் புள்ளி இருந்தது. 1986இல், ஐம்பத்திரண்டு வயதில், பழக்கதோஷத்தில் வைத்தது. இரண்டும் அவர் கைதான். இரண்டில் எதையும் பொய் என்று சொல்லமுடியவில்லை.

சங்கத்தின் குழு மார்ச் இருபத்தெட்டாம் தேதி கூடியது. ஏழு பேர். விதிப்புத்தகத்தை எழுதியவர்கள் ஒரே வண்டி இரண்டாகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று பேர் இரும்பு எங்கேயோ எண் அங்கே என்றார்கள். மூன்று பேர் புத்தகம் யாரிடமோ எண் அவரிடம் என்றார்கள். ஏழாமவர் தனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்துபோனவர், கூட்டம் முடியும்வரை திரும்பி வரவில்லை. ஹிலரி செட்ரிக் வீட்டுக்கே வந்தார்.

"மிஸ்டர் ஓல்ட்னால், குழு கை விரிச்சிடுச்சு. நாற்பது வருஷத்துக்கு மேல வச்சிருந்தவர் நீங்க. ஆலையில வேல பாத்து இன்னும் உயிரோட இருக்கற நாலஞ்சு பேர்ல ஒருத்தர் நீங்க. நீங்க எதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாலும் நான் பதிவேன்."

"நான் என் வண்டியத்தான் சொல்வேன்னு தெரியாதா?"

"தெரியல. அதனாலதான் கேக்க வந்தேன்."

"நெவிலுதுன்னு சொன்னா என் வண்டிக்கு என்ன எண்ணு?"

ஹிலரி பட்டியலைப் புரட்டினார். புரட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "எண்ணே இருக்காது. ஆலையில செய்யாத வண்டிக்கு எண்ணு கிடையாது. ஊர்வலத்துல வரலாம். கடைசியில."

படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது பதினோரு நாள் அங்கேயே கிடந்தது. செட்ரிக் அதைச் சுற்றியே நடந்தார், அதன்மேல் செய்தித்தாளைப் போட்டார், எடுத்தார். மேவிஸ் மேசையைத் துடைக்கும்போது அதைத் தூக்கி, துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைத்தாள். ஒருநாள் அவரே கேட்டார்: "நீ என்ன நினைக்கற?"

"நான் அண்ணன் பக்கம் சொன்னாலும் தப்பு, உன் பக்கம் சொன்னாலும் தப்பு. நான் காய்கறி நறுக்கறேன்" என்றாள்.

ஆலையில் ஒரு விதி இருந்தது. வண்டி வரிசையில் வரும்போது கதவு சரியில்லை என்றால் கதவை மாற்றுவார்கள், எஞ்சின் இரைந்தால் எஞ்சினை மாற்றுவார்கள். ஒரு வண்டிக்கு நான்கு முறை எஞ்சின் மாறியதும் உண்டு. அப்போதெல்லாம் போர்மேன் கத்துவார்: "எண்ணு சட்டத்தோட போகும்!" சட்டத்தில் குத்திய எண்ணை யாரும் தொடக்கூடாது. சட்டமே கெட்டுப்போனால் அதை எண்ணோடு உடைத்துப்போடவேண்டும், அந்த எண் அதோடு தீர்ந்தது. இருபத்தேழு வருடம் செட்ரிக் இந்த விதிக்குள் வேலை பார்த்தார். 1991இல் தன் கொட்டகையில், தன் கையால், எண் இருந்த இரும்பை வெட்டிப் போட்டுவிட்டுப் புது இரும்பில் அதையே குத்தினார். ஆலையில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். செய்யும்போது இது அவருக்கு உறைக்கவே இல்லை. வண்டியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்.

இப்போதும், அது காப்பாற்றியதா இல்லையா என்று அவரால் சொல்லமுடியவில்லை. ஆனால் விதி என்ன என்று கேட்டால் அதைச் சொல்லமுடியும். ஏப்ரல் எட்டு, புதன்கிழமை, மாலை நான்கு மணிக்குப் படிவத்தில் "எண் 31, உரிமையாளர் நெவில் பார்ட்லம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேவிஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து அதைப் படித்தாள்.

"நிஜமாவா?"

"தெரியல. ஆனா சரி."

அஞ்சல்பெட்டி வரைக்கும் இரண்டு பேருமாக நடந்துபோனார்கள்.

ஏப்ரல் பத்தொன்பது, ஞாயிறு. மேகமும் வெயிலும் மாறி மாறி வந்த நாள். ஆலை வளைவுக்கு முன்னால் 118 வண்டிகள் எண் வரிசையில் நின்றன. முதலில் நெவில், புதுத் தொப்பியோடு. அவர் வண்டியைக் கிளப்பினார், நின்றுபோனது, மறுபடி கிளப்பினார், மறுபடியும் நின்றுபோனது. கிளட்ச் பழக்கமில்லை. பிறகு இறங்கி, வரிசை முழுவதையும் கடந்து கால் மைல் நடந்து கடைசி வண்டிக்கு வந்தார்.

"மேவிஸ், முன்னால வந்து உக்காரு. உன் சீட்டத் துடைச்சு வச்சிருக்கேன்."

"போ" என்றார் செட்ரிக் மேவிஸிடம். "அதுதான் முப்பத்தொண்ணு. இருபத்தஞ்சு வருஷமா முதல் வண்டியில உக்காந்து பழகினவ நீ."

மேவிஸ் இரண்டு கிழவர்களையும் பார்த்தாள். "அந்த சீட்டு ஸ்பிரிங்கு முதுகுல குத்தும். அதனாலதான் எண்பத்தி நாலுல மாத்தச் சொன்னேன். நீ போ நெவில், எல்லாரும் காத்திட்டிருக்காங்க. ரெண்டாவது கியர்ல எடுக்காத."

நெவில் போகத் திரும்பியவர் நின்றார். "செட், ஸ்டியரிங்கு இடது பக்கம் இழுக்குதுடா. என்ன பண்றது?"

"இழுக்காது. ஆடும். கையத் தளர்த்திப் பிடி. இறுக்கினா இன்னும் ஆடும்."

"நீ எப்படி சமாளிச்ச?"

"சமாளிக்கல. மாத்திட்டேன்."

நெவில் தலையை ஆட்டிவிட்டுப் போனார். முன்னால் கைதட்டல் கேட்டது. வரிசை மெல்ல நகர்ந்தது. நகர்ந்தும் நின்றும் வளைவுக்கு வந்து சேர செட்ரிக்குக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. முதல் வண்டிக்குப் பின்னால் இப்படி ஒரு காத்திருப்பு உண்டு என்று இருபத்தைந்து வருடத்தில் அவருக்குத் தெரிந்ததே இல்லை. எதிரே 1974ஆம் வருடத்துச் சிவப்பு வண்டியின் புகை. வளைவடியில் சங்கத்துத் தொண்டர் அம்மாள் ஒருத்தி அட்டையில் தாளை வைத்துக் குறித்துக்கொண்டிருந்தாள். புது ஆள். செட்ரிக்கைத் தெரியாது.

"எண்ணு சொல்லுங்க, கண்ணு."

செட்ரிக் வாயைத் திறந்தார். நாற்பத்து மூன்று வருடமாக அந்தக் கேள்விக்கு இருந்த பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"எண்ணு இல்ல."

"இல்லன்னா எப்படி? கட்டம் இருக்கே. காலியா விட்டா சாயங்காலம் என்னத் திட்டுவாங்க."

செட்ரிக் மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓல்ட்னால்" என்றார்.

"அது வண்டியா, நீங்களா?"

"நான். வண்டியும்தான். ரெண்டும்னு வச்சுக்கோங்க."

அவள் கட்டத்தில் எழுத்துக் கூட்டி எழுதினாள். இடம் போதவில்லை, கடைசி எழுத்து ஓரத்தில் மடங்கியது. கையைக் காட்டினாள். செட்ரிக் முதல் கியரில் போட்டு வளைவுக்குள் நுழைந்தார். தான் ஊர்வலத்தில் போகிறோமா, அதற்குப் பின்னால் போகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவோரத்தில் மிச்சமிருந்த சில பேர் கையசைத்தார்கள். யாரை நோக்கி என்று யோசித்துவிட்டு, அவரும் பதிலுக்கு அசைத்தார்.